விலையைப் படத்துக்குள் எழுதாதீர்கள்

ஆன்லைனில் சேலை விற்கும் சிறு கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை, நிறம், நீளம் எல்லாவற்றையும் படத்துக்குள்ளேயே எழுதிப் போடுகிறீர்கள். பார்வையற்ற ஒருவர் போனில் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதியை வைத்துக்கொண்டு உங்கள் தளத்துக்கு வந்தால், அவர் காதில் விழுவது “படம், படம், பட்டன்” அவ்வளவுதான். கையில் பணம் இருந்தும் வாங்காமல் போய்விடுவார்.

அந்தப் படத்துக்கு மாற்று உரையாக, அதாவது டாக்பேக் வாசித்துச் சொல்லும் பட விளக்கமாக, “மாம்பழ மஞ்சள் காட்டன் சேலை, அரக்கு பார்டர்” என்று ஒரு வரி சேருங்கள். விலையைத் தனி எழுத்தாகப் போடுங்கள். அவருக்கும் புரியும், கூகுள் தேடலுக்கும் புரியும். பைசா செலவில்லை.

அப்புறம் அந்த வெளிர் சாம்பல் எழுத்து! சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்கிறது, இணையதளங்கள் எல்லாரும் பயன்படுத்தும்படி இருப்பதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) என்ற சர்வதேச வழிகாட்டி. வெயிலில் நின்று போன் பார்ப்பவருக்கும், அறுபதைத் தாண்டிய அம்மாவுக்கும்கூட இது உதவும்.

2011 கணக்கெடுப்பின்படியே இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்கள் வீட்டிலும் தீபாவளிக்குத் துணி எடுக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ (NVDA) மென்பொருள் இலவசம்தான். கம்ப்யூட்டரில் போட்டு, திரையை அணைத்துவிட்டு, உங்கள் கடையில் நீங்களே ஒரு சேலை வாங்கிப் பாருங்கள்.