வளையல் துண்டுகள்

நவம்பர் 11
அம்மாவின் வளையல்களை உடைத்துத்தான் எடுத்தார்கள். ட்ரிப்ஸ் ஏறி கை வீங்கிவிட்டது, சோப்பு போட்டும் கழலவில்லை. நர்ஸ் துணியைச் சுற்றி ஒவ்வொன்றாக நொறுக்கினாள். பச்சை ஆறு, சிவப்பு இரண்டு. துண்டுகளைப் பொறுக்கி மாத்திரைக் கவரில் போட்டுக்கொண்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 12
ரிப்போர்ட் வரவில்லை.

நவம்பர் 14
“ரெண்டு மணி நேரம் எங்கயாவது போயிட்டு வா” என்று அண்ணன் விரட்டினான். ஆட்டோக்காரர் ராக் கார்டனில் இறக்கிவிட்டார், உடைசல்களால் ஆன சிற்பத் தோட்டம். வாசல்களெல்லாம் தாழ்வு, குனிந்துதான் நுழைய வேண்டும். இதைக் கட்டியவர் நேக் சந்த், சாலை ஆய்வாளர். பிரிவினையில் ஊரை விட்டு வந்தவர். இந்தச் சண்டிகருக்காக இடித்த கிராமங்களின் குப்பையைச் சைக்கிளில் அள்ளி வந்து, 1957இலிருந்து காட்டுக்குள் திருட்டுத்தனமாகக் கட்டியிருக்கிறார். அதிகாரிகளுக்குத் தெரியவந்தபோது ஏறக்குறைய 18 வருஷம் ஆகிவிட்டதாம். நான் ஒரு வளையல் விஷயத்தை மூன்று நாள் மறைக்க முடியாமல் தவிக்கிறேன்.

பீங்கான் பியூஸ், பிளக் பாயிண்ட் பதித்த சுவர்களைத் தாண்டினால் அந்தப் பெண்கள், சிலைகள். வரிசை வரிசையாக, உடம்பெல்லாம் உடைந்த கண்ணாடி வளையல். மொட்டைமாடியில் கொத்தனார் உடைசல் டைல்ஸை ஈரக்கலவையில் வைத்துக் கட்டையால் தட்டியது ஞாபகம் வந்தது. துண்டு சின்னதாக இருந்தால்தான் வளைவில் படியும் என்பார். தோள், இடுப்பு எல்லாம் அப்படித்தான் படிந்திருந்தது. தொட்டுப் பார்க்கக் கை போனது. காவலாளி விசில் அடித்தார்.

நவம்பர் 15
அப்பா வீடியோ காலில்: “அம்மா கையில வளையலக் காணோமே?” கம்பளிக்குள்ளே இருக்கிறது என்றேன். கை இருந்தது.

நவம்பர் 16
ரிப்போர்ட் நாளைக்காம். இது நாலாவது ‘நாளைக்கு’.
அந்தத் தோட்டத்தின் மேலேயே எரிச்சல் வருகிறது. உடைந்தது உடைந்ததுதான். சிமெண்டில் பதித்தால் மட்டும் ஒட்டிவிடுமா? 1990இல் இடிக்க புல்டோசர் வந்தபோது ஜனங்கள் குறுக்கே நின்றார்களாம். நிற்கட்டும்.

நவம்பர் 17
நேற்று எழுதியது அபாண்டம். அந்தப் பெண்களைப் பார்க்க மறுபடியும் போனேன். ஒருத்திக்கு அம்மாவின் முழங்கை.

நவம்பர் 18
“என் வளையலை எங்க போட்டே?” என்று அம்மாவே கேட்டாள். கவரைக் கொடுத்தேன். கம்பளி மேல் கொட்டி, நிறம் பிரித்து, வட்டம் வட்டமாகச் சேர்த்தாள். ஒரு மணி நேரம். ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், “சிவப்புல ஒரு துண்டு குறையுது. தேடு.”
கட்டிலுக்கு அடியில் இல்லை. துணியிலும் இல்லை.

நவம்பர் 19
கிடைத்தது. என் செருப்பின் அடியில் குத்தியிருந்தது.