கணினி விசிறியின் சுத்த ரிஷபம்

எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள மர அலமாரியில், படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டுமே என்று ஒரு கணினி சில ஆண்டுகளாக இருக்கிறது. திருச்சியில் ஆண்டின் பெரும்பகுதி தலைக்கு மேல் சீலிங் ஃபேன் ஓடிக்கொண்டே இருப்பதால், அந்தக் கணினியின் சத்தம் யார் காதிலும் தனியாக விழுந்ததில்லை. மார்கழியில் ஃபேனை நிறுத்திய இரவுகளில்தான் அது வெளிப்பட்டது. அப்பா தம் பழைய கச்சேரிப் பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாடகர் ஆலாபனைக்கு நடுவே மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் தம்புரா மட்டும் ஒலிக்க வேண்டும். அங்கே, "பக்கத்தில் ஏதோ சுருதி சேராமல் ரீங்கரிக்கிறதே, அது பதிவிலேயே இருக்கிறதா, பெட்டியிலிருந்து வருகிறதா?" என்று கேட்டார். பதிவை நிறுத்தினேன், ரீங்காரம் நிற்கவில்லை.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது மறுநாள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது புரிந்தது. கணினி விசிறி எழுப்பும் ஒலியில் இரண்டு பங்கு உண்டு. காற்று கலைந்து சுழல்வதால் வரும் "உஸ்" என்ற இரைச்சல் ஒன்று. ஒவ்வோர் இறக்கையும் சட்டத்தையும் அதன் கம்பிகளையும் கடக்கும்போது எழும் துடிப்புகள் சேர்ந்து ஒரு ஸ்வரமாகக் கேட்பது மற்றொன்று. அந்த ஸ்வரத்தின் அதிர்வெண்ணைக் கண்டுபிடிப்பது எளிது: நிமிடச் சுற்றுகளை 60 ஆல் வகுத்து, இறக்கைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் போதும். என் பிராசசர் மேலிருந்த விசிறிக்கு ஏழு இறக்கைகள். பாட்டு ஓடும்போது அது 1200 சுற்றில் இருந்தது. அப்படியானால் 140 ஹெர்ட்ஸ். பாடகர்கள் ஒரு கட்டை என்று சொல்லும் சுருதியின் ஆதார ஷட்ஜம் ('ஸ') ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அதை அடுத்த சுத்த ரிஷபம் 139, 140 ஹெர்ட்ஸில் விழும். பிராசசர் கொஞ்சம் சூடேறினால் விசிறி 1500 சுற்றுக்குப் போகும். அது 175 ஹெர்ட்ஸ், அதாவது சுத்த மத்திமம். ஒரு கட்டையில் பாடிய கச்சேரிக்கு அருகே, எந்த ராகமானாலும், இந்த விசிறி ரிஷபத்தில் நின்று, மத்திமத்துக்கு ஏறி, மறுபடி ரிஷபத்துக்கு இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

கணினிச் சத்தத்தைக் குறைப்பது பற்றி எனக்கிருந்த எண்ணம் அந்தக் கணக்கில் மாறியது. அதுவரை எத்தனை டெசிபல் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாறாத மெல்லிய இரைச்சலைக் காது ஐந்து நிமிடத்தில் பின்னுக்குத் தள்ளிவிடும். ஏறி இறங்குகிற ஒலியை, அது எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், விடாமல் பின்தொடரும். ஆகவே விசிறி மெதுவாகச் சுற்ற வேண்டும் என்பதோடு, படம் தொடங்கியதிலிருந்து முடிகிறவரை ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதையும் இலக்காக வைத்துக்கொண்டேன். வேகம் மாறாமல் இருக்க வேண்டுமானால் வெப்பம் மாறாமல் இருக்க வேண்டும். வேலை உண்மையில் வெப்பத்தின் வழியைச் சீர்செய்வதில்தான் இருந்தது. விசிறி மாற்றியதெல்லாம் பிற்பாடுதான்.

முதலில் எது கத்துகிறது என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. பெட்டிக்குள் பிராசசர் விசிறி, கேபினெட்டின் பின்பக்கத்து 80 மி.மீ. விசிறி, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) விசிறி, ஹார்ட் டிஸ்க் என நான்கு பேர் இருந்தார்கள். மூடியைத் திறந்து, ஓடுகிற விசிறியின் நடுவட்டத்தில் விரலை மெல்ல அழுத்தி ஐந்து விநாடி நிறுத்தினால், கழிந்துபோன ஒலி எது என்று காதுக்குத் தெரிந்துவிடும். (எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இதைச் செய்யவே கூடாது. மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.) இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுக் கண்ணில் பட்ட விசிறியை மாற்றுகிறவர்கள் ஏமாந்துபோவதற்கு டெசிபல் கணக்கே காரணம். ஒரே அளவு சத்தமுள்ள இரண்டு விசிறிகளில் ஒன்றை முழுவதுமாக நீக்கினாலும் 3 டெசிபல்தான் குறையும். சத்தம் பாதியாகக் குறைந்ததாகக் காது ஒப்புக்கொள்ள ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். உரத்ததை விட்டுவிட்டுச் சிறியதை மாற்றினால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

என் பெட்டியில் உரத்தது பிராசசர் விசிறி, அடுத்தது பின்பக்கத்து விசிறி. ஆனால் அவை ஏன் அவ்வளவு வேகமாகச் சுற்றின என்ற கேள்விக்கு விடை பெட்டிக்கு வெளியே, அலமாரியில் இருந்தது. தச்சர் அழகுக்காகப் பின்பக்கத்தைப் பலகை வைத்து அடைத்திருந்தார். வயர் போவதற்கு மட்டும் உள்ளங்கை அளவில் ஒரு துளை. கணினி வெளியே தள்ளிய சூடான காற்று பலகையில் மோதித் திரும்பி, அதே காற்றையே கணினி மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து, ஒரு படம் முடிகிறவரை விட்டுப் பார்த்தேன். கூடத்தில் 26 டிகிரி. அலமாரிக்குள் 39 டிகிரி. பிராசசரின் சூடு என்பது சுற்றியுள்ள காற்றின் சூட்டுக்கு மேல் அது தானாகக் கூட்டிக்கொள்வது. ஆகவே அந்த 13 டிகிரியும் அப்படியே அதன் தலையில் ஏறியிருந்தது. பின்பலகையைக் கழற்றி, அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு அங்குலம் முன்னே இழுத்தேன். ஒரு பைசா செலவில்லாத இந்த வேலைதான், இன்றுவரை செய்த எல்லாவற்றிலும் அதிகப் பலன் தந்தது.

அடுத்ததாகக் கூலரை, அதாவது பிராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகளையும் விசிறியையும், கழற்றியபோது ஒரு குறை கண்ணில் பட்டது. இன்டெல் பிராசசரோடு வருகிற கூலர்கள் நான்கு மூலைகளிலும் பிளாஸ்டிக் ஆணிகளால் மதர்போர்டில் பிடித்திருக்கும். மேலிருந்து அழுத்தினால் கீழே ஆணியின் இரண்டு பிளவுகளும் விரிந்து பூட்டிக்கொள்ள வேண்டும். என்னுடையதில் மூன்று விரிந்திருந்தன. நான்காவது துளைக்குள் பாதி மட்டும் இறங்கி, அதன் கறுப்பு முனை போர்டின் அடிப்பக்கத்தில் எட்டிப்பார்க்கவே இல்லை. அதனால் கூலர் ஒரு மூலையில் முடியளவு தூக்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் ஒரு பக்கம் மெல்லிய படலமாகவும், தூக்கிய பக்கம் வெடித்த களிமண்போலக் காய்ந்தும் இருந்தது. பெட்டியைப் பூட்டித் தந்த கடைக்காரர் மூடி போடுவதற்கு முன் போர்டைத் திருப்பி ஒருமுறை பார்த்திருந்தால் போதும். வீட்டில் கணினி வைத்திருக்கும் எல்லாருக்கும் இதைச் சொல்லுவேன்: விசிறி திடீரென்று இரைய ஆரம்பித்தால், புதியது வாங்குவதற்கு முன் இந்த நான்கு ஆணிகளைத் தொட்டுப் பாருங்கள்.

விசிறி மாற்றத்துக்கு இதன் பிறகுதான் வந்தேன். இங்கே இயற்பியல் நம் பக்கம் இருக்கிறது. ஒரே வடிவமைப்புள்ள விசிறிகளில், தள்ளப்படும் காற்றின் அளவு வேகத்துக்கு நேர்விகிதத்திலும், விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். அதனால் 80 மி.மீ. விசிறி 2000 சுற்றில் தள்ளுகிற காற்றை 120 மி.மீ. விசிறி 600 சுற்றிலேயே தள்ளிவிடும். சத்தமோ வேகத்தோடு பல மடங்காக ஏறுகிறது. ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். ஆகவே பெரிய விசிறியை மெதுவாக ஓட்டுவதே வழி. நான் செப்புக் குழாய்கள் கொண்ட, உயரம் குறைந்த கூலர் ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் ஆஸ்திரிய நாட்டு நாக்டுவா நிறுவனத்தின் 120 மி.மீ. விசிறியை வைத்தேன். அதற்கு ஒன்பது இறக்கைகள். 450 சுற்றிலிருந்து 2000 சுற்று வரை ஓடும். 600 சுற்றில் அதன் ஸ்வரம் 90 ஹெர்ட்ஸ். இவ்வளவு தாழ்ந்த ஒலியில் நம் காதின் கூர்மை மிகக் குறைவு என்பதும் இங்கே உதவிக்கு வருகிறது. விலை கூடுதல்தான். ஆனால் மலிவான விசிறிகளின் ஸ்லீவ் பேரிங்குகளில் நம் ஊர் வெயிலுக்கு எண்ணெய் வற்றி, கரகரவென்று உரசத் தொடங்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில மாதங்கள் அடங்கும், அவ்வளவே.

பின்பக்கத்து 80 மி.மீ. விசிறியைக் கழற்றி எடுத்துவிட்டேன். அதற்கு வெளியே, கேபினெட்டின் தகட்டிலேயே வெட்டியிருந்த சல்லடை, இறக்கைகளுக்கு மிக நெருக்கமாக இருந்ததும் இரைச்சலுக்குக் காரணம். காற்று அந்தத் தகட்டு விளிம்புகளில் அறுபடும்போது சீறும். இப்போது அந்தத் திறப்பு வழியாகக் காற்று தானாக வெளியேறுகிறது.

அமைப்பு மாற்றங்களில் மூன்று எனக்குப் பயன்பட்டன. முதலாவது, படம் ஓட்டும் 'கோடி' (Kodi) என்ற மென்பொருளில் ஹார்டுவேர் டீகோடிங் அணைந்து கிடந்ததைக் கண்டு அதை இயக்கியது. எச்இவிசி என்ற சுருக்க வடிவில் உள்ள 4கே படத்தைப் பிராசசரே முழுவதுமாக விரித்துக்கொண்டிருந்தால் அது கொதிக்கத்தான் செய்யும்; அந்த வேலைக்கென்றே உள்ளே இருக்கும் பகுதியிடம் விட்டுவிட்டால் பிராசசர் ஏறக்குறைய சும்மா இருக்கும். இரண்டாவது, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) டர்போவை, அதாவது பிராசசர் தேவைப்படும்போது தானாக வேகம் கூட்டிக்கொள்வதை, நிறுத்தியது. என்னுடையது இன்டெல் ஐ5-8400, அடிப்படை வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 4. படம் பார்க்க 2.8 தாராளம், டர்போ கேட்கும் கூடுதல் மின்னழுத்தமும் மிச்சம். மூன்றாவது, விசிறிக்கான வளைகோட்டை வரைந்தது. 65 டிகிரி வரை 600 சுற்றில் தட்டையாக ஓட வேண்டும், அதற்கு மேல் மெல்ல ஏற வேண்டும், 85 டிகிரியைத் தாண்டினால் முழுவேகம் என்று வைத்தேன். இந்த பிராசசரின் எல்லை 100 டிகிரி என்பதால் இது பாதுகாப்பான ஏற்பாடு. கூடவே, சூடு ஏறியவுடன் விசிறி துள்ளாமல் சில விநாடிகள் பொறுத்திருக்கும்படி ஓர் அமைப்பு பல மதர்போர்டுகளில் உண்டு. அதை இயக்கினால் மெனுவைத் திறக்கும்போதெல்லாம் விசிறி எகிறுவது நிற்கும். நான்கு ஊசி இணைப்புள்ள விசிறிக்கு பிடபிள்யூஎம் (தனிக் கம்பியில் துடிப்புகள் அனுப்பி வேகத்தைக் கட்டுப்படுத்தும்) முறையையும், மூன்று ஊசி விசிறிக்கு மின்னழுத்த முறையையும் தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்று ஊசி விசிறியை பிடபிள்யூஎம் முறையில் விட்டால் அது எப்போதும் முழுவேகத்தில்தான் ஓடும்.

இவ்வளவுக்குப் பிறகும் அலமாரியைத் தொட்டால் கையில் ஒரு அதிர்வு தெரிந்தது. அது ஹார்ட் டிஸ்க். 7200 சுற்று என்றால் விநாடிக்கு 120 சுற்று. டிஸ்க் தன்னளவில் எழுப்பும் ஒலி சிறியது, ஆனால் அதன் அதிர்வு திருகுகள் வழியாகத் தகட்டுக்கும், தகட்டிலிருந்து மரத்துக்கும் இறங்கி, வீணைக் குடம்போல அலமாரி முழுவதும் அதை எடுத்து ஒலித்தது. பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, டிஸ்க் இருக்கும் கூண்டில் குறுக்கே இழுத்துக் கட்டி, அந்தப் பட்டைகளுக்கு நடுவே டிஸ்க் தகட்டைத் தொடாமல் தொங்கும்படி செய்தேன். கையை வைத்தால் இப்போது மரம் சும்மா இருக்கிறது. தகட்டைத் தொடாத டிஸ்க்குக்குச் சூடு வெளியேறும் வழி குறைந்துவிடுவதால், அதன்மேல் கொஞ்சம் காற்று படும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். என்னுடையது கூலர் விசிறியின் பக்கவாட்டுக் காற்றில் 41 டிகிரியில் நிற்கிறது.

உண்மையான சோதனை வைகாசியில் வந்தது. மார்கழியில் கூடம் 26 டிகிரியாக இருந்தபோது படம் ஓடுகையில் பிராசசர் 47 டிகிரி. கூடம் 36 டிகிரியாக ஏறியபோது அதுவும் பத்து டிகிரி ஏறி 57க்கு வந்தது. 65க்குக் கீழே என்பதால் விசிறி 600 சுற்றிலிருந்து அசையவில்லை. ஆடிக் காற்றில் காவிரி மணலும் தெருப் புழுதியும் உள்ளே வரும் என்பதால், கேபினெட்டின் துளைகளுக்கு உள்பக்கமாக நைலான் வலை ஒட்டியிருக்கிறேன். மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டினால் போதும். ப்ளோயர் அடிக்கும்போது மட்டும் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது கண்டபடி சுழன்றால் பேரிங் கெட்டுவிடும்.

இப்போது மிஞ்சியிருப்பது எஸ்எம்பிஎஸ் விசிறி. மற்றவை அடங்கிய பிறகு அதன் குரல் தெளிவாகக் கேட்கிறது, அப்பாவும் கேட்டுவிட்டார். படம் ஓடும்போது இந்தக் கணினி முழுவதும் எடுத்துக்கொள்வது என் அளவியில் 35 வாட்தான். சுமை குறைவாக இருக்கும்போது விசிறியை முழுவதும் நிறுத்திக்கொள்ளும் எஸ்எம்பிஎஸ்கள் கிடைக்கின்றன. சீலிங் ஃபேன் மறுபடி நிற்பதற்குள், ஐப்பசி வாக்கில் அப்படி ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்றிருக்கிறேன்.