பேர்

2024 நவம்பர் 18, திங்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் பெயரை எழுதப்போவதில்லை, அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். குடும்பநல உத்தியோகத்தராக எனக்கு இது பதினான்காவது வருடம். எச்.ஐ.வி.யோடு வாழும் ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்ணை இன்று வீடு தேடிப் போய்ப் பார்த்தேன். பார்த்ததை எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். “எழுதுங்கள் மிஸ், பேரை மட்டும் போட்டுவிடாதீர்கள்” என்றாள்.

இரண்டு தவணை கிளினிக்குக்கு வரவில்லை என்றுதான் தேடிப் போனேன். கான் என்ற வடிகால் நிரம்பி இஸ்தோப்புவரை, முன்திண்ணைவரை, தண்ணீர் ஏறியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு அரிசி வாளிக்குள் கையை விட்டு மருந்துப் போத்தலை எடுத்தாள். மேலே ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறாள். மிஞ்சிய பசையில் அழுக்கு கறுப்பாகப் படிந்திருந்தது. ஆட்டினால் சத்தம் கேட்கும் என்று உள்ளே பஞ்சு திணித்திருக்கிறாள். காம்பரா என்று சொல்லும் அந்த வரிசை வீட்டு அறையின் நடுச்சுவர் கூரைவரை எட்டவில்லை. அடுத்த வீட்டில் கரண்டி விழுந்தாலும் இங்கே கேட்கும்.

எண்ணினோம். 11 மாத்திரைகள். தவணை தவறியும் எப்படி மிச்சமிருக்கிறது? தீர்ந்துவிடக் கூடாது என்று ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கியிருக்கிறாள். அப்படி விழுங்கினால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக மாறிவிடக்கூடும் என்பதை அவளுக்குப் புரியும் மொழியில் யார் உட்கார்ந்து சொன்னார்கள்? நானும் சரியாகச் சொல்லவில்லை.

“கிளினிக்குக்குப் போனால் ஒரு பேர் போய்விடுகிறது மிஸ்.”

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. இந்த 2024இல் அதற்கு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய். கொழுந்து நிறை குறைந்தால் அதிலும் அரைப் பேர்தான். அரசாங்கம் மருந்தை இலவசமாகவே தருகிறது. ஆனால் அதை வாங்கப் போக இரண்டு பஸ், ஒரு பேர், கங்காணியிடம் சொல்ல ஒரு பொய் வேண்டும்.

நவம்பர் 20

அவளுக்கு எச்.ஐ.வி. இருப்பது கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் தெரியவந்தது. இந்த நாட்டில் கர்ப்பிணிகளுக்கு அந்த இரத்தப் பரிசோதனை செய்கிறோம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸ் என்ற பால்வினை நோயும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதில் எங்களைப் போன்றவர்கள் வீடு வீடாக நடந்த நடையும் இருக்கிறது, எனக்கு அதில் பெருமை உண்டு. அவளுடைய பிள்ளைக்குத் தொற்று இல்லை. அது இப்போது பிள்ளை மடுவத்தில், தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், ஓடி விளையாடுகிறது.

ஆனால் கணவனை அப்படி யாரும் வரிசையில் நிறுத்திச் சோதிப்பதில்லை. அவன் கொழும்பில் கடையில் வேலை, தீபாவளிக்கும் சித்திரைக்கும் வருவான். அவளுக்கு முதலில் தெரியவந்தது, அதனால் அவளே கொண்டுவந்தவளாகிவிட்டாள். “எந்த வழியில் கொண்டுவந்தாய்” என்று மாமியார் கேட்டிருக்கிறார். அவன் பரிசோதனைக்கு வர மறுத்தான், கசிப்பு என்ற கள்ளச்சாராயம் குடித்தான், அடித்தான். பிறகு வேலையை விட்டு வந்து மூன்று மாதம் இருமினான். சளி மருந்து கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் காசநோய் என்று தெரிந்த பிறகுதான் அவனுடைய இரத்தத்தையும் பார்த்தார்கள். யாருக்கு முதலில் தொற்றியது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லவில்லை. பழி மட்டும் இடம் மாறவே இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

முன்பு ஒரு பயிற்சியில் கேட்ட சொல் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது: சின்டெமிக். 1990களில் மெரில் சிங்கர் என்ற மருத்துவ மானிடவியலாளர் உருவாக்கிய சொல். அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரத்தில் ஏழைப் புவெர்ட்டோ ரிக்கர்களிடையே போதை, வன்முறை, எய்ட்ஸ் மூன்றும் தனித்தனியாக இல்லை, வறுமைக்குள் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று அவர் கண்டார். அந்த நாட்டின் சனத்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 12 சதவீதம். புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்படுவோரிலோ அவர்கள் ஏறத்தாழ 40 சதவீதம். அது இரத்தத்தின் குற்றமல்ல, வாழும் நிலையின் கணக்கு.

இலங்கையர் ஒருவருக்கு முதன்முதலில் தொற்று கண்டறியப்பட்டது 1987இல். இன்றும் நம் நாட்டில் தொற்று மிகக் குறைவு. ஹார்ட்ஃபர்ட்டையும் ஹட்டனையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய காம்பராவைப் பாருங்கள். எச்.ஐ.வி. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது, உடம்பில் உறங்கிய காசநோய் எழுந்துகொள்கிறது. ஒரே அறை, அடுப்புப் புகை, திறக்காத ஜன்னல், இருமல் சுற்றிச் சுற்றி வருகிறது. நோயாளி வேலைக்குப் போகவில்லை, சம்பளம் இல்லை, குடி கூடுகிறது. குடித்த இரவில் அவன் மாத்திரையை மறக்கிறான். அடி வாங்கிய இரவில் அவளுக்கும் வாளியைத் திறக்க மனம் வருவதில்லை. எங்கள் பதிவேடுகளிலோ காசநோய்க்கு ஒன்று, கர்ப்பிணிக்கு ஒன்று. அடிக்குக் கட்டமே இல்லை.

டிசம்பர் 1

உலக எய்ட்ஸ் தினம். பஸ் நிலையத்தில் சிவப்பு நாடா படம் ஒட்டியிருந்தது. அதன் அருகில் நின்று வாசிக்க ஒருவருக்கும் துணிவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

முதல் பஸ்ஸில் இருவரும் போனோம். நான் ஒருநாள் லீவு எடுத்தேன். கிளினிக்கில் தாதி அன்பாகப் பேசினார். இலக்கம் சொல்லிக் கூப்பிட்டார்கள், பேரைச் சொல்லவில்லை. அவளுடைய தோள் இறங்கியதை அப்போதுதான் பார்த்தேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கியதை மறைக்காமல் சொன்னாள். திட்டுவார்கள் என்று பயந்திருக்கிறாள், யாரும் திட்டவில்லை. இரத்தம் எடுத்தார்கள். தினமும் தவறாமல் விழுங்கி இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்தால் உடலுறவில் யாருக்கும் தொற்றாது என்று தமிழ் தெரிந்த ஒரு டாக்டர் நிதானமாக விளக்கினார். “நிஜமாகவா?” என்று இரண்டு தடவை கேட்டாள். மாதா மாதம் வராமல் மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் வாங்க வழியுண்டா என்று நான் கேட்டேன். இரத்த முடிவு நன்றாக இருந்தால் அடுத்த தவணையிலிருந்து தருவோம் என்றார். நான் கேட்காதிருந்தால் அவள் கேட்டிருக்க மாட்டாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள். மழை. மடியில் பையைத் திறந்து, புதுப் போத்தலை வெளியே எடுக்காமலே, கட்டைவிரல் நகத்தால் தாளைச் சுரண்டத் தொடங்கினாள். ஹட்டன் வருவதற்குள் முழுவதும் உரித்து முடித்துவிட்டாள்.