எல்லாம் பச்சை

அங்கன்வாடி மேற்பார்வையாளராக இருந்தபோது மாதக் கடைசியில் எனக்கு ஒரே கேள்விதான் வரும்: "எத்தனை பர்சன்ட் முடிஞ்சிருக்கு?" அதாவது, குழந்தைகளின் எடை, உயரம் எடுத்து போஷன் டிராக்கர் என்ற அரசு ஆப்பில் ஏற்றியாகிவிட்டதா என்று. என் பொறுப்பில் 23 மையங்கள். நூறு சதவீதம் காட்டாத மையத்தின் பெயரை ஆய்வுக் கூட்டத்தில் வாசிப்பார்கள். அதற்குப் பயந்து நானும் வாட்ஸ்அப் குழுவில் காலையும் மாலையும் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன்.

எடை, உயரம் எடுப்பது கேட்கத்தான் எளிது. மூன்று வயதுப் பிள்ளை மெஷின்மேல் ஏறினால் ஆடும், அழும், ஒரு காலைத் தூக்கும். உயரம் இன்னும் பாடு. இரண்டு வயதுக்குள் என்றால் படுக்கவைத்து அளக்க வேண்டும், அதற்குமேல் நிற்கவைத்து. மாற்றி அளந்தால் முக்கால் சென்டிமீட்டர்வரை வித்தியாசம் வரும். ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலைப் பிடிக்க வேண்டும். டீச்சரும் உதவியாளரும் அதில் இருந்தால் அடுப்பை யார் பார்ப்பது?

ஒருநாள் ஒரு மையத்தின் மூன்று மாத எடைகளை வரிசையாகப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் மாதம் 200 கிராம் கூடியிருந்தார்கள், காய்ச்சலில் கிடந்த பிள்ளை உட்பட. 2021 மார்ச்சில் டிராக்கர் வருவதற்கு முன் அட்டையில் பென்சிலால் குறித்த காலத்தில் அழித்த தடமாவது தெரியும். ஆப்பில் அதுவும் இல்லை.

கேட்டேன். "மெஷின் பேட்டரி போயி ரெண்டு மாசம் ஆச்சு மேடம். முப்பதாம் தேதிக்குள்ள நூறு கேட்டீங்க, குடுத்தேன்" என்றார் டீச்சர். கோபம்தான் வந்தது. ஆனால் அதே மையத்தைக் கூட்டத்தில் இரண்டு முறை பாராட்டியது நான்தானே.

அதைவிட உறுத்துவது பக்கத்து ஊர் டீச்சர் விஷயம். அவர் அளந்ததை அளந்தபடியே போடுபவர். ஒரு மாதம் அவருடைய மையத்தில் மூன்று பிள்ளைகள் கடும் எடைக்குறைவில், ஆரஞ்சில் வந்தார்கள். "ஏம்மா, உங்க மையத்துல மட்டும் மூணு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அக்கறையில் கேட்டதாகத்தான் நினைப்பு. அடுத்த மாதம் மூன்றும் மஞ்சள். அதற்கடுத்த மாதம் பச்சை, அதாவது சரியான எடை. சத்துமாவு இரண்டு மாதத்தில் அப்படியெல்லாம் வேலை செய்யாது என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். சதவீதம் சரியாக இருந்ததால் பேசாமல் இருந்தேன்.

அப்புறம் மனசு கேட்காமல், மூவரில் ஒரு குழந்தையின் வீட்டுக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டரை வயசுப் பெண் குழந்தை. டிராக்கரில் 10.2 கிலோ. மெஷினில் 8.6. "சாப்பிடுதுங்க, வயித்துல நிக்க மாட்டேங்குது" என்றார் அம்மா. மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனோம். கூட வந்த டீச்சர் பஸ்ஸில் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் குழுவில் வேறு கேள்வி போட்டேன்: யார் மெஷின் ஓடவில்லை, எந்தப் பிள்ளைக்கு எடை குறைந்திருக்கிறது? முதல் நாள் ஒருவரும் பதில் போடவில்லை. மறுநாள் ஒருவர் பேட்டரி இல்லாத மெஷினின் போட்டோ அனுப்பினார். சாயங்காலத்துக்குள் ஆறு போட்டோக்கள்.

அந்த மாதக் கூட்டத்தில் என் பகுதியின் பெயரை வாசித்தார்கள், 81 சதவீதம் என்று. காரணம் கேட்டார் அதிகாரி. "ஆறு மெஷின் ஓடலை சார்" என்றேன். குறித்துக்கொண்டார். பேட்டரி வர நாலு மாதம் ஆனது.