கட்டிதானேம்மா?

நான் பொய் சொல்லவில்லை என்றே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அறுவைக்கு முந்தின நாள் மாலை, வார்டு வாசலில் என் நோயாளியின் மாமியார் என்னை நிறுத்தி, “கட்டிதானேம்மா? வேற ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டபோது, “எடுத்துவிடுவதுதான் நல்லது” என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மாள் அதை ‘ஆமாம்’ என்று எடுத்துக்கொண்டார். அப்படித்தான் எடுத்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும்.

மருமகளுக்கு 38 வயது. முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவர். அவருடைய தாய் வயிறு வீங்கி இறந்ததை ஊர் மகோதரம் என்று சொல்லி முடித்துவிட்டது. பல வருடம் கழித்து, மும்பையில் இருந்த சித்திக்குச் சினைப்பைப் புற்றுநோய் வந்து, பிஆர்சிஏ 1 என்ற மரபணுவில் பரம்பரையாக வரும் பிறழ்வு இருப்பது தெரிந்த பிறகுதான் இவரும் பரிசோதனைக்கு வந்தார். இவருக்கும் இருந்தது. அறிக்கையை வாங்கி நான்காக மடித்து, பீடியின் தலையை அடைப்பதுபோல ஓரத்தை நகத்தால் உள்ளே செருகிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இந்தப் பிறழ்வு உள்ளவர்களில் 100 பேருக்குச் சுமார் 44 பேர் 80 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய்க்கு ஆளாகலாம் என்பதையும், பிள்ளைப்பேறு முடிந்தவர்கள் 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடுவது ஆபத்தை ஏறத்தாழ 80 சதவீதம் குறைக்கும் என்பதையும், ஆனால் மாதவிலக்கு ஒரே நாளில் நின்று உடம்பு தகிக்கும், எலும்பு தேயும் என்பதையும் சொன்னேன். இந்நோய் பல சமயம் குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்பதால், முதலில் குழாயை மட்டும் எடுக்கும் முறை ஆய்வில் இருப்பதையும் சொன்னேன். “ரெண்டு தடவை வந்து படுக்க முடியாதும்மா” என்று அதை ஒரே வரியில் தள்ளிவிட்டார். பிறகுதான் அதைக் கேட்டார்: “வீட்டுல கட்டின்னு சொல்லிருங்க. தங்கச்சிக்கு ஆவணியில கல்யாணம். பரம்பரைச் சீக்குன்னு தெரிஞ்சா நிச்சயத்தையே முறிச்சிருவாவ.”

நோயாளியின் அந்தரங்கத்தை மாமியாரிடம் திறந்து காட்டுவது என் வேலையல்ல. அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வாயை மூடிக்கொள்வது ஒன்று, இல்லாத கட்டி ஒன்று வீட்டுக்குள் போய் உட்காரட்டும் என்று வழிவிட்டு நிற்பது இன்னொன்று. “அதை உங்கள் மருமகளிடமே கேளுங்கள்” என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னாலே அந்த அம்மாளுக்குச் சந்தேகம் வந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன், வந்திருக்கத்தான் செய்யும்.

குழாய்களை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்த்ததில் புற்று எதுவும் இல்லை. நிம்மதியாக இருந்தது.

தையலைக் காட்ட அக்காவுடன் தங்கையும் வந்தாள். 29 வயது. “அக்காவுக்குக் கட்டி இருந்துச்சே, எனக்கும் ஒரு ஸ்கேன் பாத்துருங்க டாக்டர்” என்றாள். அக்கா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கேனில் ஒன்றுமில்லை, சிரித்துக்கொண்டே போனாள். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரணப் பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது: ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இந்நோயால் நேரும் இறப்பைக் குறைக்கவில்லை. அதைப் படித்தவள்தான் அவளுக்கு ஸ்கேன் பார்த்து அனுப்பினேன். அவளிடமும் அதே பிறழ்வு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

அக்காவைத் தனியே அழைத்துக் கண்டித்தேன். “கல்யாணம் முடிஞ்சதும் நானே சொல்லுதேன்” என்றார். சினைப்பை விஷயத்தில் இன்னும் ஐந்தாறு வருடம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டேன். இதே பிறழ்வு கொண்டுவரக்கூடிய மார்புப் புற்றுக்கான எம்ஆர்ஐ கண்காணிப்பு 25 வயதிலேயே தொடங்க வேண்டும் என்பது அப்போது நினைவுக்கு வராமல் இல்லை.

தை பிறந்து ஹார்மோன் மாத்திரை வாங்க வந்தவரிடம் தங்கையைப் பற்றிக் கேட்டேன்.

“உண்டாயிருக்காம்மா. இப்ப எப்படிச் சொல்ல?”

மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தேன்.