12.4 வோல்ட் காட்டியும் உயிர் வராத ஆர்வி ஃபிரிட்ஜ்

ஆர்வியில், அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள என் வண்டியில், ஃபிரிட்ஜின் பொத்தானை அழுத்தினால் பேனலில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. வெளி மின்சாரத்தில் செருகினாலும் அப்படித்தான், கேஸுக்கு மாற்றினாலும் அப்படித்தான். இரண்டிலுமே செத்துக்கிடந்ததால் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் தெரிந்துவிட்டது: பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் டிசி.

இது அப்சார்ப்ஷன் வகை ஃபிரிட்ஜ். கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் குழாய்க்குள் சுற்றிவர வெறும் சூடு போதும். அதைக் கேஸ் சுடரும் தரலாம், மின் ஹீட்டரும் தரலாம். ஆனால் எதைக் கொளுத்துவது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கும் கன்ட்ரோல் போர்டு பேட்டரியின் 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது. அது இல்லையென்றால் சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் புண்ணியமில்லை.

வெளி மின்சாரத்தைக் கழற்றிவிட்டு ஆரம்பித்தேன். வண்டியின் வெளிப்பக்கம் இருக்கும் கீழ்க் காற்றோட்ட மூடியைத் திறந்தால் போர்டு தெரியும். அதே இடத்தில் ஹீட்டருக்கான 120 வோல்ட் ஏசி மின்சார லைனும் வருகிறது, அதனால் செருகியபடியே கைவிடுவது ஆபத்து. பேட்டரியில் 12.4 வோல்ட். ஃபியூஸ் பெட்டியிலும் சரி, போர்டிலிருக்கும் ஃபியூஸிலும் சரி, இரண்டு முனையிலும் வோல்ட் வந்தது. ஃபியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. கம்பி முழுதாகத் தெரியும், காலடியில் விட்டிருக்கும்.

போர்டுக்கு வரும் கனெக்டரைக் கழற்றி அளந்தேன். அங்கேயும் 12.4! பலர் இந்த இடத்தில்தான் போர்டு போய்விட்டது என்று புதிதுக்கு ஆர்டர் போடுகிறார்கள். ஆனால் மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். அரித்துப்போன இணைப்பில் ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதற்கு முழு வோல்ட் தெரியும். லோடு, அதாவது நிஜமாகவே கரண்ட் இழுக்கும் ஒன்றைக் கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

அதனால் வண்டியின் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை, 12 வோல்ட் 21 வாட், அந்த இரண்டு ஒயருக்கும் நடுவே கட்டினேன். எண்ணெய் தீர்ந்த அகல் மாதிரி மங்கலாக எரிந்தது. மீட்டர் 8.6க்கு இறங்கியது. கிட்டத்தட்ட நான்கு வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது. பல்பை எரியவிட்டபடியே, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து கனெக்டரின் பாசிட்டிவ் வரை அளந்தேன்: 0.2. நெகட்டிவ் பக்கம் 3.6. வேறு கேள்வியே இல்லை, எர்த்தில்தான், அதாவது வண்டியின் சட்டம் வழியாகக் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் பாதையில்தான் கோளாறு.

கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், தரைக்கு அடியில் இரும்புச் சட்டத்தில் ஒரு போல்டில் முடிந்தது. மேலே பார்க்க இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றியதும் லக்குக்கு, அதாவது ஒயர் முனையிலுள்ள உலோக வளையத்துக்கு, அடியில் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு, பாதி இழைகள் கை பட்டதுமே ஒடிந்தன. பளபளப்பான செம்பு வரும்வரை ஒயரை வெட்டி, புது லக்கை அழுத்திக் கிரிம்ப் செய்தேன். சட்டத்தில் பெயின்ட்டும் துருவும் போகும்வரை உப்புத்தாள். பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். மறுபடியும் பல்பு: இப்போது நெகட்டிவில் 0.1தான் இழப்பு.

கனெக்டரைச் செருகியதும் பேனல் பீப் அடித்து எழுந்தது.

கை வைத்த கையோடு ஹீட்டரையும் ஒயரைப் பிரித்து அளந்தேன். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் ஓம் வந்துவிடும். என்னுடையது 120 வோல்ட், 300 வாட். 48 ஓம் வர வேண்டும், ஏறக்குறைய அதுவே வந்தது.

பிறகு வெளி மின்சாரத்தில் போட்டு விட்டுவிட்டேன். இந்த வகை ஃபிரிட்ஜில் கதவைத் திறந்து திறந்து பார்ப்பதில் பயனில்லை, குளிரவே பல மணி நேரம் பிடிக்கும். பின்பக்கம் பாய்லர் சூடாகிறதா என்று பார்ப்பதுதான் சீக்கிரம் தெரியும் அறிகுறி. மறுநாள் ஃப்ரீஸரில் தண்ணீர் கட்டியாகியிருந்தது.

அதே சட்டத்தில், கைக்கெட்டும் தூரத்தில்தான் தண்ணீர் பம்பின் எர்த்தும் இருக்கிறது. பம்ப் கொஞ்ச நாளாகத் திணறித் திணறி ஓடுகிறது. பல்பை இன்னும் எடுத்து வைக்கவில்லை, அடுத்து அதற்குத்தான்.