அடுப்புக்கு எதிரே வள்ளி தெய்வானை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள சால்ட் லேக் சிட்டிக்கு நாங்கள் குடிவந்த மூன்றாம் மாதம், எதிர்வீட்டு மூதாட்டி தாம் சுட்ட ரொட்டியோடு வந்து எங்கள் சமையலறையில் அமர்ந்தார். ஊரிலிருந்து புடவைகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்த முருகன் படம் அடுப்புக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தது. இரு பக்கமும் நிற்கும் பெண்கள் யார் என்று அவர் கேட்டார். இருவரும் அவருடைய மனைவியர் என்று சொல்லிவிட்டு, வரப்போகும் ஏளனத்துக்கு மனத்தை இறுக்கிக்கொண்டேன். அவரோ ரொட்டியில் வெண்ணெய் தடவியபடியே, தம் பாட்டியின் பாட்டியும் ஒருவருக்கு மூன்றாம் மனைவிதான் என்று, சொந்த ஊரின் பெயரைச் சொல்வதுபோல் சொன்னார்.

எனக்குள் எழுந்த சொல் 'சக்களத்தி'. அவர் ஆங்கிலத்தில் சொன்னதோ 'சகோதரி மனைவி' என்று பொருள்படும் சொல். பிள்ளைகள் மற்ற மனைவியரை 'ஆன்ட்டி' என்று பெயரோடு சேர்த்து அழைத்தார்களாம். என் அப்பாயியும் தன் தந்தையின் மூத்த தாரத்தைப் பெரியாத்தா என்றுதான் கடைசிவரை அழைத்தாள். ஒரே முற்றம், இரண்டு அடுப்பு. எந்த அடுப்பில் அன்று புகை எழுகிறதோ அங்கேதான் கொள்ளுத்தாத்தாவுக்கு இலை விழும் என்று அவள் சொன்னது, கடல் தாண்டி இத்தனை தொலைவில் ஓர் அந்நியப் பெண்மணியின் முன்னால் நினைவுக்கு வந்தது.

அந்த மூன்றாம் மனைவி டென்மார்க்கில் பிறந்தவர். 1857இல் கைவண்டி இழுத்து வந்த கூட்டத்தில் ஒருவர். 1856 முதல் 1860 வரை, அந்நாளில் பலதார மணத்தை ஏற்றிருந்த மோர்மன் என்னும் கிறித்தவப் பிரிவில், மாட்டுவண்டிக்குப் பணமில்லாத குடும்பங்கள் இரண்டு சக்கர வண்டியைத் தாமே இழுத்துக்கொண்டு இங்கே நடந்து வந்தன. ரயில் பாதை முடிந்த அயோவா சிட்டியிலிருந்து புறப்பட்டவர்களுக்கு அது ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர். ஆளுக்கு 17 பவுண்டு சுமைதான் அனுமதி. எட்டுக் கிலோகூட இல்லை. விமான நிலையத்தில் ஆளுக்கு இரண்டு பெட்டி போதவில்லை என்று இட்டிலித் தட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு அழுதவள் நான். அந்த எட்டுக் கிலோவுக்குள் அவர் எதை எடுத்து வைத்தார், எதை விட்டு வந்தார் என்று அன்றிரவு வெகுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

டேனியர் பலர் குடியமர்ந்த சான்பீட் பள்ளத்தாக்கில் அவருக்கு மணம் முடிந்தது. முதல் மனைவி இங்கிலாந்துக்காரர். கணவர் வயலிலும் திருச்சபைப் பணியிலுமாக வெளியே இருக்க, பேச்சுத்துணையற்ற அந்த டேனியப் பெண்ணுக்கு மாவு, உப்பு, வாளி என்று ஒவ்வொரு பொருளாகக் காட்டி ஆங்கிலம் கற்றுத்தந்தவர் அந்த முதல் மனைவியே என்று மூதாட்டி சொன்னார். சக்களத்தியே ஆசிரியை! இரவில் கதவடைத்துக்கொண்டு அழுததாகவும் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டாம். அழுதது எவர் என்பதில் மட்டும் இன்றும் இரு கிளையாருக்கும் கருத்து வேறுபாடு. நாம் வள்ளிக்கும் தெய்வானைக்குமே ஏசல் பாட்டுக் கட்டி, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்ள இடம் கொடுத்தவர்கள். இந்தப் பெண்களுக்கோ பொறாமையை வெல்வதே இறைவன் வைத்த சோதனை என்று சொல்லப்பட்டிருந்தது.

இந்த ஊருக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பனி தள்ளவும் ஜூலை 24ஆம் தேதி, மோர்மன்கள் இங்கே வந்து சேர்ந்ததைக் கொண்டாடும் முன்னோடிகள் நாளுக்கு வாணவேடிக்கை பார்க்கவும் பழகிவிட்டேன். இதுவும் என் ஊர்தான் என்று தொலைபேசியில் சொல்லவும் செய்கிறேன். ஆனால் மூதாட்டியின் நிலவறையில் ஆண்டுக்கணக்கில் சேமித்த கோதுமை வாளிகளைக் கண்டதும் என் கால்கள் அப்பாயி வீட்டு நெற்குதிருக்கு அருகே போய் நின்றுவிட்டன. 1876 முதல் இங்கே கோதுமை சேமிக்கும் பொறுப்பைப் பெண்களின் சங்கமே ஏற்றிருந்தது. அதை முன்னின்று நடத்திய எம்மெலின் வெல்ஸ், ஒருவருக்கு ஏழாம் மனைவி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெண்கள் பத்திரிகையின் ஆசிரியர்.

மனம் ஆறாத செய்தி ஒன்று உண்டு. 1870இல் யூட்டாப் பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள். 1887இல் பலதார மணத்தை ஒடுக்க வந்த கூட்டாட்சிச் சட்டம் அதைப் பறித்தது. கணவர்களைச் சிறைக்கு அனுப்பச் சான்று தேடியவர்களுக்கு மனைவியின் வயிறே சான்றானது. கருவுற்ற பெண்கள் ஊர் ஊராக ஒளிந்தார்கள். அப்பா பெயரைச் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். வேல்ஸில் பிறந்து குழந்தையாக இங்கு வந்த மார்த்தா ஹியூஸ் கேனன் மருத்துவம் படித்தவர், ஒருவருக்கு நான்காம் மனைவி. தாம் பார்த்த பிரசவங்களைப் பற்றி நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல நேருமே என்று 1886இல் கைக்குழந்தையோடு இங்கிலாந்துக்குப் போய் மறைந்து வாழ்ந்தார். பெண்களுக்கு வாக்குரிமை திரும்பக் கிடைத்த பின் வந்த 1896 தேர்தலில், எதிர்க்கட்சி வேட்பாளராக நின்ற சொந்தக் கணவர் தோற்க, அமெரிக்காவின் முதல் பெண் மாநிலச் செனட்டர் ஆனார். 1899இல் மூன்றாம் குழந்தை பிறந்ததும் அந்த அரசியல் வாழ்வு முடிந்தது. 1890இலேயே திருச்சபை புதிய பலதார மணங்களுக்கு முடிவு அறிவித்துவிட்டது. ஏற்கெனவே மனைவியரானவர்கள் இனி யார் என்பதற்கு அந்த அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. மார்த்தாவின் சிலை 2024இல் வாஷிங்டனிலுள்ள நாடாளுமன்றக் கட்டடத்துக்குச் சென்றது. அதைச் சொல்லும்போது மூதாட்டியின் குரல் தழுதழுத்தது. பெயரில்லாமல் ஒளிந்தவர்களுக்கு யார் சிலை வைப்பார்கள் என்று கேட்டார்.

சென்ற வாரம் அவர் மீண்டும் படத்தின் முன் நின்றார். இவர்களில் முதலில் வந்தவர் யார் என்றார். தெய்வானையைக் காட்டினேன். அவர் பேசிய மொழி பின்னால் வந்தவருக்குத் தெரியுமா என்று கேட்டார். பிறந்தது முதல் பார்த்துவரும் படம். அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. இரவு அம்மாவை அழைத்துக் கேட்டேன். அம்மா சிரித்துவிட்டு, "வள்ளி நம்ம மலைக்காட்டுப் பொண்ணு, அவளுக்குத் தமிழ் பிறவியிலேயே தெரியும். தேவலோகத்துல இருந்து வந்தவளுக்கு அவதான் சொல்லிக் கொடுத்திருப்பா" என்றாள்.